போனவரின் குரல்

மத்திய வேல்ஸில் லானிட்லோஸ் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருந்தவர் டெவி ரீஸ். அந்த வட்டாரத்தில் கணவனையோ மனைவியையோ பறிகொடுத்த 293 பேரை அவர் நேரில் பார்த்துப் பேசினார். இறந்தவர் மறுபடி வந்ததுபோல எப்போதாவது தோன்றியதா என்றும் கேட்டார். ஏறக்குறைய பாதிப்பேர் ஆமாம் என்றார்கள்.

பலரும் சொன்னது ஓர் உணர்வைத்தான்: ஆள் இங்கேயே, பக்கத்திலேயே இருக்கிறார். ஏழில் ஒருவர் உருவத்தைக் கண்டிருந்தார். கிட்டத்தட்ட அதே அளவினருக்குக் குரல் கேட்டிருந்தது. சிலர் பதிலும் பேசியிருந்தார்கள். பெரும்பாலோருக்கு இது ஆறுதலாகவே இருந்தது. 1971இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த இந்த ஆய்வில் மனத்தை உலுக்குவது வேறொன்று. அவர்களில் ஒருவர்கூட இதை அதுவரை மருத்துவரிடம் சொல்லியிருக்கவில்லை. நெருங்கிய சொந்தங்களிடம் வாய் திறந்தவர்களே குறைவு. கேலி செய்வார்களோ என்ற பயம். எவ்வளவு தனிமை அது!

குரல் எப்படிக் கேட்கிறது? மூளை காதில் விழுவதை மட்டும் கேட்பதில்லை. அடுத்து என்ன கேட்கும் என்று ஓயாமல் கணித்துக்கொண்டும் இருக்கிறது. முப்பது வருடமாகச் சாயங்காலமானால் கணவர் வீடு திரும்பும்போது கேட் கிறீச்சிடும், ஒரு செருமல் கேட்கும், பிறகு காலடி. சாவுச் செய்தி மனத்துக்கு உடனே எட்டிவிடும். ஊறிப்போன எதிர்பார்ப்பு கலைய மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். அதுவரை காற்றுக்குக் கதவு அசைந்தாலும் அவர்தான். இன்று ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் இது முக்கியமானது. நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் மணவாழ்க்கை இனிமையாக இருந்தவர்களுக்கும் இந்த அனுபவம் கூடுதலாக இருந்ததை ரீஸும் கண்டார்.

அப்படியானால் இந்தப் பிணைப்பை அறுத்துவிட வேண்டுமா? இறந்தவரிடமிருந்து மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பதே துக்கத்தின் வேலை என்று 1917இல் எழுதினார் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட். 1920இல் அவருடைய மகள் சோஃபி காய்ச்சலில் இறந்தாள். ஒன்பது வருடம் கழித்து, மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இழப்புக்கு ஈடாக வேறு எதுவும் கிடைக்காது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்ற பொருள்பட எழுதினார். கோட்பாட்டைவிட எனக்கு அந்தத் தகப்பனின் கடிதமே உண்மையாகப் படுகிறது.

‘அப்பா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு’ என்று அம்மா சொன்னால் பதறவேண்டாம், உட்கார்ந்து கேட்கலாம். ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் தணியாமல், அன்றாட வாழ்க்கையே பெரிதும் பாதிக்கப்பட்டால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதை நீடித்த துக்கக் கோளாறாகக் கருதுகிறது. அதிலும் அந்தச் சமூகத்தின் துக்க வழக்கத்தைக் கணக்கில் கொண்ட பிறகுதான்.