கதைசொல்லியை எவ்வளவு நம்பலாம்?

கதையைச் சொல்பவரே உண்மையை மறைத்தால், அல்லது அறியாமலிருந்தால், அவர் நம்பகமற்ற கதைசொல்லி. 1961இல் இப்பெயரை வழங்கியவர் அமெரிக்க விமர்சகர் வெய்ன் பூத்.

பௌலா ஹாக்கின்ஸின் 'தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்' (2015) இதற்கு அருமையான சான்று. லண்டனுக்கு ரயிலில் போய்வரும் ரேச்சல் வாசகரை ஏமாற்ற நினைப்பவள் அல்ல. குடி அவள் நினைவைத் தின்றுவிடுகிறது. ஒரு பெண் காணாமல்போன இரவில் தான் என்ன செய்தோம் என்பதே அவளுக்குத் தெரியாது. காலையில் தலைக்காயத்தோடு எழுகிறாள். நினைவின் ஓட்டைகளை முன்னாள் கணவன் சொன்னதைக் கொண்டே அடைத்துக்கொண்டவள் அவள். ஆகவே அவள் உறுதியாகச் சொல்வதைவிட, காரணம் புரியாமல் அஞ்சும் இடங்களே நல்ல துப்பு.

காணாமல்போன பெண்ணான மேகன், ரேச்சலின் முன்னாள் கணவனின் இப்போதைய மனைவி அன்னா ஆகியோரும் மாறிமாறிக் கதை சொல்கிறார்கள். மேகனின் பகுதி ஓராண்டு முன்பே தொடங்குவதால், தேதிகளைப் பார்த்தே படிக்க வேண்டும்.