வெந்நீர் ஊற்றும் ஒரு பச்சைக் கோலமும்

வெந்நீர் ஊற்று என்றதும் நம்மவர்க்குத் திருகோணமலையை அடுத்த கன்னியா நினைவுக்கு வரும். அங்குள்ள ஏழு கிணறுகளையும் இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோற்றுவித்தான் என்பது கதை. நாம் வாழும் கருநாடகத்திலும் புத்தூர் வட்டத்து இர்தே சிற்றூரில் பெந்த்ரு தீர்த்தம் என ஒன்று உண்டு. ஆயினும், ஊற்றைச் சுற்றி விடுதி எழுப்பி, நீராடுவதையே ஒரு கலையாக வளர்த்தவர்கள் ஜப்பானியர். யமனாஷி மாகாணத்தில் கி.பி. 705 இல் தொடங்கப்பட்டதாகக் கூறப்படும் விடுதியொன்று இன்றும் நடைபெற்று வருகிறது.

எங்கள் மகன் டோக்கியோவில் பணிபுரிகிறான். அவனைக் காண நாங்கள் இருவரும் சென்ற குளிர்காலத்தில் அங்குச் சென்றிருந்தோம். "ஜோகுபாளையத்தில் குடத்தோடு குழாயடியில் நின்றே காலம் கழித்த அம்மா, ஒரு நாளேனும் தண்ணீரில் கிடக்கட்டும்" என்று அவன் ஹாக்கோனே மலையில் ஒரு விடுதியில் எங்களுக்கு ஓரிரவு ஏற்பாடு செய்தான். அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஷிஞ்சுகு நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேர இரயில் பயணத்தில் மலையடிவாரம் சேர்ந்தோம்.

விடுதி வாயிலிலேயே காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். அறையில் கட்டிலோ நாற்காலியோ இல்லை. கோரைப்பாய் பதித்த தரை, தாழ்ந்த மேசை, அவ்வளவே. எம் மனைவிக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "நம் பாட்டி வீட்டுத் திண்ணை போல இருக்கிறது" என்றார். உடுத்துக்கொள்ள 'யுகாத்தா' என்னும் பருத்தி அங்கி தந்தார்கள். யாம் வலப்புறத்தை மேலே வைத்துக் கட்டிக்கொள்ள, பணிப்பெண் பதறி வந்து மாற்றிக் கட்டச் சொன்னார். இடப்புறம்தான் மேலே வர வேண்டுமாம். வலப்புறம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறையாம்!

நீராடும் முறையும் கண்டிப்பானது. சிறு முக்காலியில் அமர்ந்து சோப்பிட்டு உடலைத் தூய்மை செய்த பின்னரே தொட்டியில் இறங்கலாம். ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனிக் குளங்கள். ஆனால் உடலில் ஒரு நூலும் இருக்கக்கூடாது. குற்றாலத்தில் சேலையோடு அருவியில் நிற்கும் குலத்தவர் நாம். அயலார் நடுவே இது எப்படி என்று எம் மனைவி தயங்கினார். "எல்லாரும் அப்படியென்றால் யார் யாரைப் பார்ப்பது!" என்று ஒருவாறு துணிந்து, துண்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

தடை அங்கே வரவில்லை. குளத்தின் கதவில் வந்தது. பச்சை குத்தியவர்க்கு இடமில்லை என்று படத்தோடு ஓர் அறிவிப்பு. எம் மனைவியின் முன்கையில், பத்து வயதில் வடார்க்காட்டுச் சிற்றூரில் குறத்தி குத்திய பச்சைக் கோலம் உண்டு. மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் முடிந்து எரித்த கரியில் குத்தியது. கூலி ஒரு முறம் அரிசி. "செத்தாலும் கூட வரும் நகை இது ஒன்றுதான்" என்று அவர் பாட்டி சொல்வாராம்.

விடுதித் தலைவி மிகப் பணிவாகத் தோல் நிறத்தில் ஓர் ஒட்டுத்தாள் கொண்டுவந்து தந்தார். கோலம் அதைவிடப் பெரிது. இரண்டாவது தாளும் வந்தது. எம் மனைவி கையை இழுத்துக்கொண்டார். "என்னங்க, நான் என்ன திருடியா, இதை மறைத்துக்கொண்டு குளிக்க? வேண்டாம், வாருங்கள்" என்றார்.

அந்தத் தலைவியைக் குறை சொல்வதற்கில்லை. முன்னாளில் அந்நாட்டில் குற்றவாளிகளுக்குத் தண்டனையாகவே பச்சை குத்தினார்கள். 1872 இல் அரசு பச்சை குத்துவதையே தடை செய்தது. 1948 இல்தான் அத்தடை நீங்கியது. அதற்குள் அது போக்கிரிக் கூட்டத்தாரின் அடையாளமாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. இவ்வளவுக்கும் அந்நாட்டு மூதாட்டியரே பச்சை அணிந்தவர்கள்தாம். ஒக்கினாவாத் தீவுப் பெண்கள் புறங்கையில் 'ஹாஜிச்சி' என்னும் கோலங்களைப் பெருமையோடு பொறித்துக்கொண்டனர். 1899 இல் அதற்கும் தடை வந்தது. வடக்கே ஐனு பெண்கள் வாயைச் சுற்றியும் கைகளிலும் பொறித்துக்கொண்டனர். 2013 இல் ஹொக்கைடோவில் ஒரு குளியலகம், முகத்தில் மரபுக்குறி பொறித்த மாவோரிப் பெண்மணி ஒருவரைத் திருப்பி அனுப்பியது பெரும் பேச்சாயிற்று. 2015 இல் அரசின் சுற்றுலாத் துறை விசாரித்தபோது, விடை தந்த விடுதிகளில் ஏறத்தாழ 56 விழுக்காடு பச்சை குத்தியவரை ஏற்பதில்லை என்று கூறின. மறு ஆண்டு அத்துறை, அயல்நாட்டாரின் மரபை மதித்து நடக்குமாறு விடுதிகளைக் கேட்டுக்கொண்டது.

இவையெல்லாம் பின்னர் அறிந்தவை. அன்று மாலை நாங்கள் பேசாமல் அறையில் அமர்ந்திருந்தோம். ஆடவர் குளத்துக்கு யாம் தனியே சென்று வரத் தடையேதுமில்லை, செல்லவில்லை. உணவு வந்தது, பதினோரு சிறு கிண்ணங்களில். சனிக்கிழமையாதலால் எம் மனைவி புலால் தொடமாட்டார். தெளிந்த சாற்றை முகர்ந்ததுமே "மாசிக் கருவாடு" என்று தள்ளி வைத்தார். அவர் கூறியது சரியே. அந்நாட்டுச் சாறுகளுக்கு அடிப்படை அதுவே.

படுக்கை விரிக்க வந்த முதிய பணிப்பெண் எம் மனைவியின் கையைக் கண்டு, தம் கைபேசியின் மொழிபெயர்ப்புக் கருவியில் ஏதோ கேட்டார். "அழகாக இருக்கிறது, என்ன பொருள்?" என்று அது தமிழில் பேசிற்று. எம் மனைவி தாள் வாங்கிப் புள்ளி வைத்து, கோடு சுற்றி, வாசற்கோலம் போட்டுக் காட்டினார். அந்த அம்மையார் தாளை மடித்து இடைக்கச்சையில் செருகிக்கொண்டு போனார். சற்று நேரத்தில் ஒரு சாவியோடு திரும்பி வந்தார். குடும்பத்தார் மட்டும் தனித்து நீராடும் தொட்டி ஒன்று தோட்டத்தின் கோடியில் இருந்தது. நாற்பத்தைந்து நிமிடம் எங்களுக்கு.

தேவதாரு மரத் தொட்டி, கந்தக மணம், மேலே குளிர்ந்த வானம். மணமாகி முப்பத்தொன்பது ஆண்டுகளில் நாங்கள் ஒன்றாக நீராடியது அதுவே முதன்முறை. எம் மனைவி கையை நீருக்கு மேலே நீட்டி, விளக்கொளியில் கோலத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு தண்ணீர் வீணாகப் போகிறது!" என்றும் ஒருமுறை சொன்னார்.

அவ்விடுதிகளுக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள், இடம் பதியும்போதே 'காஷிகிரி' என்னும் தனித்தொட்டி உண்டா என்று கேட்டுக்கொள்வது நலம். பல விடுதிகளில் இருக்கிறது, சிலவற்றில் தனிக்கட்டணம்.

மறுநாள் மகன் தொலைபேசியில், "பெரிய குளத்தில் குளித்தீர்களா அம்மா?" என்று கேட்டான். "இல்லையப்பா. உங்கப்பாவும் போகவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊருக்கு வாங்க வேண்டிய பொருள்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.