துப்பாக்கி தந்தார்கள், கூலியில் குறைத்தார்கள்!

சங்ககிரி மலையடிவாரத்தில் லாரியை நிறுத்தித் தேநீர் குடிக்கும் தோழனுக்கு அந்தக் கோட்டையின் கதை தெரியும். 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம் அது. ஆடி பிறந்தால் நம் ஊர்கள் அவர் பெயரை உரக்கச் சொல்கின்றன. சொல்லட்டும். நாம் கேட்பது வேறு கேள்வி. அவரை எதிர்த்த கும்பினிப் பட்டாளத்தில் நின்றவர்கள் யார்? அத்தனை பேரும் வெள்ளையரா? இல்லை. சென்னைப் படையின் சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்த நாட்டு மக்கள்தான். சேரியிலிருந்து போனவர்களும் அதில் கணிசமாக இருந்தார்கள்.

'துரோகிகள்' என்று திண்ணையில் சாய்ந்துகொண்டு சொல்வது எளிது! ஊரில் காலுக்குச் செருப்பில்லை, தோளுக்குத் துண்டில்லை, களத்துமேட்டில் அளந்து போடுவதே கூலி. பட்டாளத்திலோ சட்டை உண்டு, மாதச் சம்பளம் உண்டு. போகாமல் என்ன செய்வான்? எதிர்ப்பக்கத்திலும் ஒடுக்கப்பட்டவன் நின்றான். அருந்ததியர் குலத்துப் பொல்லான், செருப்புக்குள் ஓலையை மறைத்துச் சின்னமலைக்குச் சேதி கொண்டுபோய், அதற்காகவே உயிர் கொடுத்தான் என்பது கொங்கு மக்கள் வழக்கு.

கடலுக்கப்பால் அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1861 முதல் 1865 வரை அடிமை முறையை முன்னிட்டு வடக்கும் தெற்கும் மோதின. வடக்கின் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் சேர்ந்தனர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்தம். கைக்கு வந்தது 7. குண்டு மட்டும் இருவர் மார்பிலும் ஒரே மாதிரிதான் பாய்ந்தது!

மாசசூசெட்ஸ் 54ஆம் பட்டாளம் அந்தக் கூலியைத் தொட மறுத்தது. 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டையின் மேல் பாய்ந்த 600 பேரில் 270 பேருக்குமேல் மாண்டனர், காயம்பட்டனர், அல்லது பிடிபட்டனர். அதன் பிறகும் 7 டாலர்தான் என்றது அரசு. "குறையும் பணத்தை நாங்கள் தருகிறோம்" என்று அவர்களுடைய மாநிலமே முன்வந்தது. அதையும் வேண்டாம் என்றார்கள். வீட்டில் பிள்ளைகள் பட்டினி. ஆனாலும் வேண்டாம் என்றார்கள். ஆலைவாசலில் வேலைநிறுத்தம் செய்து நின்ற தோழர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

தென் கரோலினா 3ஆம் பட்டாளத்துச் சார்ஜெண்ட் வில்லியம் வாக்கர் தன் ஆட்களை அழைத்துப்போய், சம ஊதியம் தராவிட்டால் போர்ப்பணி இல்லையென்று தளபதியின் கூடாரத்தின் முன் துப்பாக்கிகளை அடுக்கவைத்தான். கலகக் குற்றம் சாட்டி, 1864 பிப்ரவரி 29 அன்று அவனைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆண்டு ஜூனில்தான் சம ஊதியச் சட்டம் வந்தது. அவன் கேட்டதும் அதுதானே? போர் முடிவதற்குள் கறுப்புச் சிப்பாய்களில் ஏறத்தாழ 40,000 பேர் மடிந்தனர். குண்டைவிட நோய் கொன்றதே அதிகம்.

நம் கதைக்குத் திரும்புவோம். இங்கே கூலிக் குறைப்போடு நிற்கவில்லை, கதவையே சாத்தினார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், பிறகு இந்தியப் படைக்கே தலைவரானார். தென்னாட்டவன் போருக்கு லாயக்கற்றவன் என்பது அவர் தீர்ப்பு. 'வீர இனம்' என்ற புதுச் சாதிப் பட்டியல் கிளம்பியது. சென்னைக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. 1818இல் கோரேகானில் போரிட்டுக் கல்தூணில் பெயர் பெற்ற மகர்களுக்கும் 1890களில் கதவு மூடியது. சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர் அப்போது சிறுவர். 1917இல் உலகப் போருக்கு ஆள் போதவில்லை. உடனே 111ஆம் மகர் பட்டாளம் முளைத்தது. 1921இல் போர் இல்லை, பட்டாளமும் இல்லை.

1780இல் தொடங்கிய சென்னைச் சாப்பர் படையில் மட்டும் சேரி மக்களுக்கு இடம் தொடர்ந்தது. பாதை வெட்டவும் பதுங்குகுழி தோண்டவும் மண்வெட்டி பிடிக்க ஆள் வேண்டுமே!

வரும் ஆடியில் சங்ககிரிக்கு வண்டி கட்டும் தோழர்களே, சுவரொட்டியில் பொல்லான் பெயரை அடியில், பொடி எழுத்தில் போட்டுவிடாதீர்கள்.