வெட்டிய பணமும் பூட்டிய பெட்டியும்

அரசாங்கம் ஒன்று தன் வருவாய்க்கு மேற்படச் செலவு செய்யுமாயின், மிகைச் செலவைக் கடன் வாங்கியே ஈடுசெய்தல் வேண்டும். இவ்விடைவெளியையே துண்டுவிழும் தொகை என்கிறோம். செலவைக் குறைத்தால் இத்தொகையும் அவ்வளவுக்குக் குறையும் என்பது யாவர்க்கும் எளிதிற் றோன்றும் கணக்கு. ஆயின் ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரசில் இவ்வெளிய கணக்குப் பலகாலும் பொய்த்துப் போயிருக்கின்றது. அங்கத்தவர்கள் வாதிட்டு வாக்கெடுத்து ஒரு திட்டத்துக்குரிய பணத்தை வெட்டுவர். ஆண்டு முடிவிற் பார்க்குங்கால் அப்பணமும் செலவாகியிருக்கும். இது களவுமன்று, கணக்குப் பிழையுமன்று. அந்நாட்டு ஒதுக்கீட்டு முறையிலேயே இதற்கான காரணம் அடங்கியுள்ளது. அந்த ஓட்டையை அடைப்பதற்கென எழுந்த சட்டமூலங்களைப் பற்றியே ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அம்முறையை அறிதல் வேண்டும். நம் நாட்டில் வரவுசெலவுத் திட்டத்தை நிதி அமைச்சர் சமர்ப்பிக்கின்றார். பொது நிதியைச் செலவிடற்குரிய சட்டமூலத்தை அமைச்சரவையின் அங்கீகாரத்துடன் அமைச்சர் ஒருவரே கொண்டுவருதல் கூடும். சாதாரண அங்கத்தவர் ஒருவர் ஓர் அமைச்சின் செலவுத் தலைப்பிலிருந்து பத்து ரூபாவைக் குறைக்குமாறு பிரேரிப்பாராயின், அது அவ்வமைச்சைப் பற்றிப் பேசுவதற்கு வாயில் திறக்கும் ஒரு மரபேயன்றிப் பத்து ரூபாவை மிச்சம் பிடிக்கும் முயற்சியன்று. அமெரிக்காவில் நிலைமை வேறு. சட்டத்தால் ஒதுக்கப்பட்டாலன்றித் திறைசேரியிலிருந்து பணம் எடுக்கலாகாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் விதி. சனாதிபதி அனுப்பும் திட்டம் ஒரு வேண்டுகோள் மாத்திரமே. ஒதுக்கீட்டுச் சட்டமூலங்களை எழுதுவன காங்கிரசின் குழுக்கள். ஆகவே ஆங்கு ஓர் அங்கத்தவரின் வெட்டுப் பிரேரணை சபையில் நிறைவேறுமாயின் அது மெய்யான வெட்டு.

மெய்யான வெட்டுத்தான், ஆயின் மெய்யான மிச்சமோ? 1974 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி காங்கிரஸ் ஆண்டுதோறும் மொத்தச் செலவுக்கு ஓர் எல்லை வகுத்து, அதில் ஒரு பெருந்தொகையை ஒதுக்கீட்டுக் குழுவிடம் ஒப்படைக்கின்றது. அக்குழு அத்தொகையைத் தன் உபகுழுக்களுக்குப் பங்கிடுகின்றது. உபகுழுக்கள் 1995 இல் பதின்மூன்று, இன்று பன்னிரண்டு. ஓர் உபகுழுவின் பங்கு 10 பில்லியன் டொலர் என வைத்துக்கொள்வோம். அது எழுதிய சட்டமூலம் சபைக்கு வருகின்றது. ஓர் அங்கத்தவர் எழுந்து, பயனற்ற திட்டமொன்றை நீக்கி 200 மில்லியன் டொலரை மீதப்படுத்துவோம் என்கிறார், சபையும் இசைகின்றது. இப்பொழுது சட்டமூலத்தின் தொகை 9.8 பில்லியன். உபகுழுவின் பங்கோ இன்னும் 10 பில்லியனாகவே நிற்கின்றது. நடுவேயுள்ள 200 மில்லியனைப் பிறிதொரு திருத்தத்தால் வேறு திட்டத்துக்குக் கொடுக்கலாம். அன்றேல் இரு சபைகளின் பிரதிநிதிகளும் கூடி இணக்கம் காணும் குழுவில், கூட்டம் கலைந்த பின் யாரும் நினையாத ஒரு வேலைக்கு அதனைத் திருப்பிவிடலாம். சந்தைக்குப் புறப்படுபவனிடம் ஆயிரம் ரூபாவைக் கொடுத்துவிட்டு, "இன்றைக்கு மீன் வேண்டாம்" என்று சொல்வதை ஒத்தது இது. ஆயிரமும் அவன் பையில் இருக்கும்வரை, மீனுக்குப் பதிலாக இறைச்சி வந்து சேர்வதில் வியப்பில்லை.

வெட்டு நிறைவேறியும் பணம் மிஞ்சாத நிலைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. அதற்கு 1993 ஆம் ஆண்டு நிகழ்ச்சி தக்க சான்று. ரெக்சாஸ் மாநிலத்தில் வாக்சகாச்சி என்னும் ஊரை அடுத்து, அணுவின் நுண்துகள்களை மோதவிட்டு ஆராய்வதற்காக நிலத்தின்கீழ் 87 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சுரங்கம் ஒன்று அமைக்கப்பட்டு வந்தது. அதனை நிறுத்துமாறு பிரதிநிதிகள் சபை வாக்களித்தது. செனற் சபை நிறுத்த மறுத்தது. ஈற்றில் ஒக்டோபரில் பிரதிநிதிகள் சபையின் கருத்தே வென்றது. அதற்குள் இரண்டு பில்லியன் டொலர் வரையிற் செலவாகி, இருபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளம் தோண்டியுமாயிற்று. அவ்வாண்டுக்கென அதற்குக் குறித்திருந்த 640 மில்லியன் டொலர் கடனைக் குறைக்கச் செல்லவில்லை; தொடங்கிய வேலையை மூடிக் கட்டுவதற்கே ஒதுக்கப்பட்டது. ஒப்பந்தங்களை முறித்தற்கும் ஊழியர்களை அனுப்புதற்குங்கூடப் பணம் வேண்டும் என்பதை வெட்டுவோர் பலர் கருதுவதில்லை.

துண்டுவிழும் தொகையைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தும் முயற்சி இதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. கிராம், ரட்மன், ஹொலிங்ஸ் என்னும் மூன்று செனற்றர்களின் பெயரால் வழங்கும் 1985 ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்காண்டு துண்டுவிழும் தொகை இவ்வளவாகவே இருத்தல் வேண்டும் என இலக்குகளை விதித்தது. 1986 இல் 171.9 பில்லியன் டொலர்; 1990 இல் 36 பில்லியன்; 1991 இல் ஒன்றுமில்லை. இலக்குத் தவறினால் செலவுகள் தாமாகவே வெட்டுண்ணும் என்பது ஏற்பாடு. அவ்வெட்டை நடத்தும் பொறுப்பினைக் காங்கிரசின் கணக்காய்வுத் தலைவரிடம் விட்டது அதிகாரப் பிரிவினைக்கு முரண் என 1986 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. மறு ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, இலக்குகளும் தளர்த்தப்பட்டன. மெய்யான தொகையோ 1986 இலும் 1990 இலும் ஏறத்தாழ 221 பில்லியனாகவே இருந்தது. துண்டுவிழும் தொகை வரி வருவாயையும் வேலையின்மையையும் வட்டி வீதத்தையும் பொறுத்து ஏறி இறங்குவது. மழை இவ்வளவுதான் பெய்தல் வேண்டும் எனச் சட்டம் செய்தாற் போன்றதே அம்முயற்சி.

1990 ஆம் ஆண்டுச் சட்டம் இதனினும் அறிவுடையது. காங்கிரசின் கையிலில்லாத முடிவை விட்டு, கையிலுள்ள ஒதுக்கீட்டுக்கு அது உச்ச எல்லை விதித்தது. பூட்டுப் பெட்டி என்னும் எண்ணம் இவ்வெல்லையின் மேலேயே கட்டப்பட்டது. ஐடஹோ மாநிலத்துப் பிரதிநிதி மைக் கிராப்போவும் வேறு சிலரும் முன்வைத்த சட்டமூலத்தின் சாரம் மிகச் சுருங்கியது: சபையில் ஒரு திட்டத்திலிருந்து வெட்டப்படும் தொகை தனிக் கணக்கேடொன்றிற் பதியப்படும், அவ்வளவுக்கு உபகுழுவின் பங்கும் அவ்வாண்டின் உச்ச எல்லையும் தாழ்த்தப்படும். பெட்டி என்பது வெறும் உவமை. அதனுள் டொலர் எதுவும் வைக்கப்படுவதில்லை. சந்தைக்குப் போகிறவன் பையிலிருந்து மீனுக்குரிய பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதே அதன் தொழில். 1995 செப்டெம்பரில் பிரதிநிதிகள் சபை இதனைப் பெரும்பான்மை வாக்கால் நிறைவேற்றியது. ஆயினும் அது சட்டமாகவில்லை.

ஒதுக்கீட்டுக் குழுவினரின் தடைகளைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. ஒருவர் ஒரு திட்டத்தை வெட்ட வாக்களிப்பது எப்பொழுதும் கடனைக் குறைக்கும் நோக்கத்தாலன்று. அதனினும் தேவையான வேறொன்றுக்குப் பணம் கிடைக்கட்டும் என்பதாலும் ஆகலாம். வெட்டிய பணம் மீளாது பூட்டப்படுமென அறிந்தால் அத்தகையோர் வெட்டவே தயங்குவர். இரு சபைகளும் இணங்குவதற்குக் கைவசம் சிறிது இடம் வேண்டும் என்பதும் உண்மை. எனினும், வெட்டினோம் என்று தொகுதி மக்களிடம் பேர் வாங்கிக்கொண்டு, அதே பணத்தைப் பிறிதொரு வழியாற் செலவிட இடமளிக்கும் முறையை என்னால் ஏற்க இயலவில்லை. வேலை இழந்தவன் ஒருபுறம்; குறையாத கடன் மறுபுறம்; இரண்டுக்கும் நடுவே கைதட்டல் மட்டும் மிஞ்சுகின்றது.

1998 இல் வரவு செலவை விஞ்சி 69 பில்லியன் டொலர் மிகுந்தபோது வாதத்தின் திசையே மாறியது. பூட்டுப் பெட்டி என்னும் அதே சொல், முதியோர் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு நிதியின் மிகுதியைக் காக்கும் ஏற்பாட்டுக்குப் பெயராயிற்று. 2000 ஆம் ஆண்டுத் தேர்தலில் அல் கோர் அச்சொல்லை ஓயாது எடுத்தாண்டமை பலர்க்கு நினைவிருக்கும். ஓராண்டு கழிவதற்குள் பொருளாதாரத் தளர்ச்சியும் வரிக் குறைப்பும் பின்னர் போரும் வந்தன. பூட்டுதற்கு மிகுதி எதுவும் எஞ்சவில்லை.

பழைய பொருளில் அவ்வெண்ணம் 2011 சனவரியில் மீண்டும் தலைகாட்டியது. ஒதுக்கீட்டுச் சட்டமூலம் ஒவ்வொன்றின் கடைசியிலும் செலவுக் குறைப்புக் கணக்கு என ஒரு பகுதி இருத்தல் வேண்டும் எனப் பிரதிநிதிகள் சபை விதி செய்தது. வெட்டிய தொகையை அதிற் சேர்க்கலாம். சேர்த்தபின் அதனை வேறு திட்டத்துக்கு எடுத்தல் அரிது. இது சட்டமன்று, ஒரு சபையின் நடைமுறை விதி மாத்திரமே. செனற் சபையை அது கட்டுப்படுத்தாது. ஆகையால் இரு சபைகளும் இணக்கம் காணும் வேளையில் அக்கணக்கிலுள்ள தொகைக்கு உயிரில்லை. அதே ஆண்டு ஓகத்தில் நிறைவேறிய வேறொரு சட்டம் பத்தாண்டு காலத்துக்கு உச்ச எல்லைகளை விதித்தது. 2013, 2015, 2018, 2019 ஆகிய ஆண்டுகளிற் செய்த சட்டங்களால் அவ்வெல்லைகளைக் காங்கிரசே உயர்த்திக்கொண்டது. பூட்டும் திறவுகோலும் ஒருவர் கையிலேயே இருக்கும்பொழுது பெட்டியின் வலிமையைப் பற்றிப் பேசுவதிற் பயன் சிறிது.

இன்னொன்று. இச்சட்டமூலங்கள் யாவும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் செலவை மட்டுமே தொடுவன. ஓய்வூதியம், முதியோர்க்கும் வறியோர்க்கும் மருத்துவம் முதலியன நிலையான சட்டங்களால் தாமாகவே நடைபெறுவன. கடனுக்கான வட்டியோ எவர் வாக்குக்கும் காத்திருப்பதில்லை. 2024 நிதியாண்டில் அவ்வரசாங்கத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 6.8 ரில்லியன் டொலர். ஒரு ரில்லியன் என்பது இலட்சம் கோடி. துண்டுவிழுந்த தொகை 1.8 ரில்லியன். படை, பாடசாலை உதவி, நெடுஞ்சாலை, விண்வெளி ஆய்வு, நீதிமன்றங்கள் என்றிவ்வாறு ஆண்டுதோறும் வாக்கெடுப்புக்கு வரும் செலவுகள் அனைத்தையும் கூட்டினாலும் ஏறத்தாழ அதே 1.8 ரில்லியன்தான். அவற்றில் ஒரு டொலரும் விடாது பெட்டியிலிட்டுப் பூட்டியிருந்தால், அவ்வாண்டின் துண்டு மட்டும் அடைபட்டிருக்கும்.