உறக்கத்தில் உதிரும் சொல்

அண்மையில் ஒரு தாய் மதரஸா வாசலில் வந்து நின்றார். “ஹஜ்ரத், புள்ள ராத்திரியில தூங்கிக்கிட்டே பாடம் சொல்றான். நீங்க கொஞ்சம் ஓதிப் பார்க்கணும்” என்று கண்கலங்கினார். எங்கள் புதூர் போன்ற கரிசல் ஊர்களில், உறக்கத்தில் ஒருவர் பேசினால் ‘காற்று, கருப்பு’ என்று அஞ்சுவோர் இன்றும் உண்டு.

அஞ்ச வேண்டியதில்லை. உறங்கும்போதும் மூளை முற்றிலும் ஓய்வதில்லை. கனவு காணும் வேளையில் உடல் தசைகள் தளர்ந்து கட்டுண்டு கிடக்கும். அக்கட்டு சற்றே நெகிழ்ந்தால் வாய்ச்சொல் வெளிப்படும். கனவற்ற உறக்கத்திலும் இது நிகழ்வதுண்டு. காய்ச்சல், களைப்பு, உறக்கக் குறைவு, மனக்கவலை ஆகியன இதைத் தூண்டும். சிறுவரிடம் மிகுதியாகக் காணப்படும் இப்பழக்கம் வளர வளரப் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஆனால், உறக்கத்தில் உதிர்ந்த சொல்லை உண்மையென்று கொண்டால் குடும்பமே குலையும். 2006ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் ஒரு கணவர் உறக்கத்தில் மும்முறை ‘தலாக்’ என்று உளறிவிட்டார். மனைவி அதைத் தோழியரிடம் கூற, செய்தி பரவியது. 11 ஆண்டு இல்லறம், மூன்று பிள்ளைகள். எனினும் பிரிந்துவிடுமாறு ஊர்ப் பெரியவர்கள் கூறினர். தம்பதியர் இணங்கவில்லை.

அவர்கள் மறுத்தது முறையே. விழிக்கும்வரை உறங்குபவர், பருவமடையும்வரை சிறுவர், தெளியும்வரை சித்தம் கலங்கியவர் ஆகிய மூவர்மீதும் குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவிப்பு. அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது பதிவாகியுள்ளது. ஆகவே உறங்குபவரின் தலாக் செல்லாது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ உள்ளிட்ட மத்ஹபுகளின் தீர்ப்பு. விழித்திருந்து ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கையே 2017இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

சகோதரிகளே! கணவர் உறக்கத்தில் யார் பெயரையேனும் சொன்னால், விடிந்ததும் விசாரணை நடத்தாதீர்கள். உளறல் ஒப்புதல் வாக்குமூலம் அன்று. பிள்ளையின் பிதற்றலைப் பிறரிடம் சொல்லி நகைக்கவும் வேண்டாம், அது அமானிதம்.

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர் புதிதாக உறக்கத்தில் கத்துவதும், கைகால்களை வீசி அடிப்பதுமாக இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு அது பல ஆண்டுகள் முந்திய அறிகுறியாக இருக்கக்கூடும்.

அத்தாயிடம் நான் கூறியது இதுவே: “இஷாவுக்குப் பின் பிள்ளையை நேரத்தோடு படுக்க வையுங்கள், ஆயத்துல் குர்ஸீ ஓதச் சொல்லுங்கள். தேர்வு முடியட்டும், பயமும் தீரும்.” பாடத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது.