உங்களுக்குத் தெரியுமா? – எஞ்சினின் மூளையையும் மாற்றலாம்

காரின் எஞ்சினுக்குள் எந்தக் கணத்தில் எவ்வளவு பெட்ரோல் செல்ல வேண்டும், தீப்பொறி எப்போது எழ வேண்டும் என்று நிர்ணயிக்கும் இ.சி.யு. என்ற கருவியை அகற்றிவிட்டு, நம் இஷ்டப்படி திருத்தத்தக்க வேறொன்றைப் பொருத்த முடியும் என்பதும், புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ ஆகிய இருவர் 2001-இல் அளித்த ‘மெகாஸ்குவர்ட்’ என்னும் அத்தகைய கருவியை, வாங்கியவர்களே உதிரி பாகங்களைச் சால்டர் வைத்துப் பூர்த்தி செய்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியுமா?

இத்தகைய கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைவிடப் பிரதானமானது, 36 பற்களில் ஒன்றோ 60 பற்களில் இரண்டோ குறைந்திருக்கும் கிராங்க் சக்கரத்தின் சமிக்ஞையை அக்கருவி கிரகிக்குமா, இன்ஜெக்டர்களின் மின்தடைக்கு அது ஏற்றதா என்பதேயாகும்.

ஆதி மெகாஸ்குவர்ட்டின் எரிபொருள் அட்டவணையில், எஞ்சினின் வேகத்துக்கு எட்டும் உறிஞ்சுகுழாய் அழுத்தத்துக்கு எட்டுமாக 64 கட்டங்கள் இருந்தன. புகைக்குழாயில் பொருத்திய ‘வைட்பேண்ட்’ ஆக்ஸிஜன் சென்சார் காட்டும் அளவைப் பார்த்து அவற்றை ஒவ்வொன்றாகச் சீர்செய்வதே டியூனிங்கின் சாரம்.

சமவேகத்தில் செல்கையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு, எடைக் கணக்கில், ஏறக்குறைய 14.7 பங்கு காற்று போதுமானது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்துகையில் பெட்ரோலின் விகிதம் உயர வேண்டும்.

தீப்பொறியை மிதமிஞ்சி முற்படுத்தினால் ‘நாக்கிங்’ உண்டாகிப் பிஸ்டனே உடையக்கூடும். ஆகையால் கருவியோடு இணைத்த கணினியின் திரையில் தெரியும் தீப்பொறிப் பாகையும், டைமிங் லைட்டின் ஒளியில் கிராங்க் புல்லியின் மேல் தெரியும் பாகையும் ஒன்றேயென நிச்சயித்துக்கொண்ட பின்னரே, வேறெந்தத் திருத்தத்தையும் தொடங்குவது உத்தமம்.