மதில் போன இடம்

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 13 நிலை, 216 அடி. அப்பன் கட்டியதை மிஞ்ச வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் 9 நிலையோடு, சுமார் 180 அடியில் நிறுத்திக்கொண்டான். தஞ்சை விமானம் நேராக ஏறும். இது உள்வாங்கி வளைந்து ஏறும். அங்கே மிடுக்கு, இங்கே நளினம் என்று வழிகாட்டிகள் தொடங்கி ஆய்வாளர்கள் வரை சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. எனக்கு இந்தக் கோயிலில் இல்லாமல் போனவற்றின் மீதுதான் கண். கிழக்கு ராஜகோபுரம் நின்ற இடத்தில் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. சுற்று மதிலில் பெரும்பகுதியைக் காணோம். இவ்வளவு கல் எங்கே போயிற்று?

போன இடம் தெரியும். சில மைல் தெற்கே, கொள்ளிடத்தின் குறுக்கே கிடக்கிறது.

கங்கைக்கரை வரை போன படை 1023-ஐ ஒட்டித் திரும்பியதும் ராஜேந்திரன் தலைநகரைத் தஞ்சையிலிருந்து இங்கே மாற்றினான். காவிரியின் வண்டலை விட்டு, கொள்ளிடத்துக்கு வடக்கே மேட்டு நிலத்துக்கு. வெட்டிய ஏரி சோழகங்கம். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலேயே ஆன வெற்றித்தூண் என்று புகழ்கிறது. கோயில் 1035 வாக்கில் எழும்பியது. அக்கம்பக்கத்தில் கருங்கல் கிடைக்காத மண் இது. வெளியிலிருந்து இழுத்து வந்த கல்லில்தான் 13 அடி லிங்கமும், சண்டேசுவரர் தலையில் சிவன் தன் கையாலேயே மாலை சுற்றும் அந்த ஒப்பற்ற சிற்பமும் செய்தார்கள். இரண்டரை நூற்றாண்டு இதுதான் சோழரின் தலைநகர். 1279-ல் மூன்றாம் ராஜேந்திரனோடு அரசு முடிந்தது, நகரமும் கரைந்தது. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்று ஊர்ப்பெயர்கள் மட்டும் மிஞ்சின. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் பின்னாளில் செங்கல்லைத் தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டவர்கள் நம்மவர்களே.

1836-ல் வந்தவர் கிழக்கிந்தியக் கும்பினியின் பொறியாளர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் கீழணை கட்ட வேண்டும், கல் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் செதுக்கிய கருங்கல் மதிலும் கோபுரமுமாக, கேட்பாரற்று நின்றது. கேட்பாரே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஊர் மக்கள் தடுத்தார்கள்; தடுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். எடுத்த கல்லுக்குப் பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போயிற்று. அந்த நூற்றாண்டின் நடுவிலேயே ஆங்கிலத்தில் வெளியான ஒரு குறிப்பு இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

காட்டனை வில்லனாக்கிவிட்டு எழுந்து போவது சுலபம். அணை கட்டித் தந்தவர் என்று கோதாவரிக் கரையில் அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள். மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்தே கற்றோம் என்று ஒப்புக்கொண்ட மனிதரும் அவர்தான். சோழரிடம் பாடம் படித்தவர் சோழர் மதிலையே பெயர்த்தார்.

அவருடைய சொந்த நாட்டில் இது புதிதும் அல்ல. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தில் வந்து இறங்கிய பின், ஊருக்கு ஊர் கல்லால் பங்குக் கோயில்கள் எழும்பின. முதலில் வட்ட வளைவு, பிறகு கூர் வளைவு, மேற்கே ஒரு மணிக்கோபுரம் என்று தலைமுறைக்குத் தலைமுறை ஒட்டிச் சேர்த்துக் கட்டியவை. அவற்றில் ஆயிரக்கணக்கானவை இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. எட்டாம் ஹென்றி 1536-க்கும் 1540-க்கும் இடையில் மூடிய பெரிய மடங்களோ பல இடங்களில் மொட்டைச் சுவராகிவிட்டன. துறவிகள் வெளியேறியதும் அக்கம்பக்கத்தார் கல்லை வண்டியேற்றிப் போய்விட்டார்கள். பங்குக் கோயிலைச் சுற்றி ஊர் இருந்தது, ஞாயிறுதோறும் ஆள் வந்தது. மடத்துக்கு அந்தக் காவல் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வாய்த்தது மடத்தின் கதி. தஞ்சைக்கு நகரம் துணை நின்றது. இங்கே நகரம் போன பிறகு எஞ்சிய சிற்றூர்களால் கும்பினியை எதிர்த்து நிற்க முடியவில்லை.

இன்று காட்சி வேறு. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் தஞ்சையோடு தாராசுரமும் இதுவும் சேர்ந்தன. 2007-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டமானபோது, புதிய மாவட்டத்தின் முகமே இந்த விமானம்தான் என்றானது. பல பத்தாண்டுகளுக்குப் பின் 2017-ல் குடமுழுக்கு நடந்தது. ஐப்பசிப் பௌர்ணமியில் 13 அடி லிங்கத்தைச் சோற்றால் மூடும் அன்னாபிஷேகத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வேகிறது. ஆடித் திருவாதிரை அரசு விழாவாகி, 2025-ல் பிரதமரும் வந்து போனார். புல்வெளி, கம்பிவேலி, காவலர் என்று எல்லாம் உண்டு. மதில் மட்டும் இல்லை.

கீழணையோ ஒரு நாளும் ஓய்ந்ததில்லை. அங்கே தேக்கிய நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணம், ராஜேந்திரனின் பாட்டனுக்குப் பாட்டனான முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய ஏரி. 2004 முதல் அங்கிருந்து குழாயில் சென்னைக்குக் குடிநீர் போகிறது. ராஜேந்திரனின் மதில் தடுத்த நீர் பராந்தகனின் ஏரியை நிரப்பி, சென்னைக்காரர் வீட்டுக் குடத்தில் விழுகிறது. கோயிலுக்கு இழைத்தது அநியாயம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் கல் வீணாகவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் அருங்காட்சியகம் அமையும் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. செப்புத் திருமேனிகளும் சீனப் பீங்கான் ஓடுகளும் அதில் இடம்பெறட்டும். கூடவே ஒரு சுவரைக் கீழணைக்கு ஒதுக்கி, 1836-ல் இங்கிருந்து என்ன எடுத்தார்கள், யார் தடுத்தார்கள், அந்தக் கல் இன்று என்ன வேலை செய்கிறது என்பதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.